மார்ஃப் பண்ண போட்டோவ வச்சு மிரட்டுறாங்களா? பழைய சட்டத்துல நிக்கிற மாதிரி புகார் எழுதுறது எப்படி

லோன் ஆப்காரனோ இன்ஸ்டால பழகுன எவனோ உங்க முகத்தை எடுத்து ஏஐல ஒரு நிர்வாணப் படம் பண்ணி, பணம் அனுப்பு இல்லன்னா உன் காண்டாக்ட்ல இருக்கற எல்லாருக்கும் போயிடும்னு மிரட்டுறான்னு வைங்க. ஸ்டேஷன்ல போய் "டீப்ஃபேக் பண்ணிட்டாங்க சார்"னு மட்டும் எழுதிக் குடுத்தா அங்கயே சிக்கிக்குது, ஏன்னா அந்தப் பேர்ல நம்ம சட்டத்துல ஒரு குற்றமே கிடையாது. ஐடி ஆக்ட் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) வந்தது 2000த்துல, பெருசா திருத்துனது 2008ல. 1860ல போட்ட ஐபிசிய (இந்திய தண்டனைச் சட்டம்) தூக்கிட்டு 2024 ஜூலை 1ல இருந்து பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்துச்சு, ஆனா உள்ள நிறைய இடத்துல அதே பழைய வரிதான், நம்பர்தான் வேற.

அதனால நடந்ததுக்குப் பேர் வைக்காதீங்க, அவன் என்னென்ன செஞ்சான்னு ஒவ்வொரு செயலா உடைச்சு தேதி, நேரத்தோட எழுதுங்க.

எல்லாரும் முதல்ல நினைக்கறது ஐடி ஆக்ட் 66ஈ, அதாவது ஒருத்தரோட அந்தரங்க உறுப்பைப் படம் எடுக்கறது, பரப்புறது. இங்கதான் சிக்கல், படத்துல இருக்கற உடம்பு உங்களோடது இல்லயே, அப்ப எப்படி இது பொருந்தும்னு அவன் வக்கீல் கேப்பாரு. பிஎன்எஸ் 77ம் அப்படித்தான், கேமரா வச்சு ஒரு பெண்ணைப் பார்க்கறவன், படம் எடுக்கறவனை மனசுல வச்சு எழுதுனது, இங்க யாரும் எதையும் படமே எடுக்கல. அதனால இதை மட்டும் நம்பி இருக்காதீங்க. ஒருத்தருக்காவது அந்தப் படத்தை அனுப்பிட்டான்னா ஐடி ஆக்ட் 67, 67ஏ போடச் சொல்லுங்க, அங்க உடம்பு யாரோடதுங்கற கேள்வியே வராது, ஆபாசமானதை அனுப்புனதே குற்றம். பேரைக் கெடுக்கணும்னு போலியா உருவாக்குனதுக்கு பிஎன்எஸ் 336(4). இன்னும் அனுப்பல, மிரட்டல் மட்டும்தான்னா 308(3), நீங்க பைசா குடுக்கலன்னாலும் பணம் பறிக்க பயமுறுத்துனதே போதும். நம்பரை மறைச்சு, போலி ஐடில வந்து மிரட்டுனா 351(4)ஐயும் சேர்க்கச் சொல்லுங்க. 77, 78 (பின்தொடர்ந்து தொல்லை குடுக்கறது) ரெண்டும் பெண்களுக்கு மட்டும்தான், பாதிக்கப்பட்டது ஆம்பளைன்னா மத்த பிரிவுகள்தான் கை குடுக்கும், வெக்கப்பட்டு வீட்லயே உக்காந்துடாதீங்க தயவுசெஞ்சு.

எஃப்ஐஆர்ல ஐடி ஆக்ட் 66ஏ இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. அதை சுப்ரீம் கோர்ட் 2015 மார்ச்லயே ரத்து பண்ணிருச்சு, அப்புறமும் அதுல கேஸ் போட்டுட்டே இருந்ததால 2022ல கோர்ட் மறுபடி உத்தரவு போட வேண்டியதாச்சு. இருந்தா எடுக்கச் சொல்லுங்க.

ஆதாரம்தான் பாதி கேஸ். கோவத்துல சாட்டை டெலீட் பண்ணாதீங்க, பிளாக் பண்றதுக்கு முன்னாடி ப்ரொஃபைல் லிங்க், யூசர்நேம், நம்பர், யூபிஐ ஐடி, தேதி எல்லாம் தெரியற மாதிரி ஸ்க்ரீன் ரெக்கார்ட் எடுங்க. வெறும் பிரின்ட் அவுட்டை கோர்ட் ஏத்துக்காது, பிஎஸ்ஏ (புது சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சர்டிபிகேட் கூட வேணும், அதுல ஹேஷ் மதிப்பும் (ஃபைல்ல எதையும் மாத்தலன்னு காட்டுற ஒரு கோட்) கேக்குறாங்க, அதனால மெசேஜ் வந்த போனை விக்காதீங்க, ரீசெட் பண்ணாதீங்க. ஒண்ணு முக்கியம், படத்துல இருக்கறது 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைன்னா ஐடி ஆக்ட் 67பி, போக்சோ ரெண்டும் வரும், அந்தப் படத்தை சொந்தக்காரங்களுக்குக் கூட ஃபார்வர்ட் பண்ணக் கூடாது, போனோட போலீஸ்ல காட்டுங்க.

படத்தை எடுக்க வைக்கறதுக்கு கேஸ் முடியற வரைக்கும் காத்திருக்க வேணாம். 2021 ஐடி விதிகள் மார்ஃப் பண்ண படத்தை நேரடியாவே சொல்லுது, நீங்க புகார் குடுத்து 24 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்னு அதுல வச்சாங்க, 2026 பிப்ரவரில அதை 2 மணி நேரமா குறைச்சுட்டாங்க, அந்த ஆப்போட குறைதீர்க்கும் அதிகாரிக்கு லிங்க்கோட மெயில் போடுங்க. பணம் போயிருந்தா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணுங்க.

எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம், எங்க ஏரியா இல்லன்னு திருப்பி அனுப்ப முடியாது. ஆன்லைன்ல அனுப்புனா 3 நாளுக்குள்ள போய் கையெழுத்து போடணும். எஃப்ஐஆர் போடாம சிஎஸ்ஆர் (புகார் வந்ததுக்கான ரசீது) மட்டும் குடுத்து இழுத்தடிச்சா பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)படி எஸ்பிக்கு பதிவுத் தபால்ல அனுப்புங்க, அங்கயும் நகரலன்னா அந்தத் தபால் ரசீதோட மாஜிஸ்ட்ரேட்கிட்ட மனு போடுங்க.