யார்க் ஒருநாள் பயணம்: கடிகாரத்தை மறந்தால் கெட்டது காரியம்

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்தில் வட இங்கிலாந்தின் யார்க் நகரம் வந்துவிடும். ரோமர்கள் கி.பி. 71-இல் கோட்டை போட்ட ஊர். பழைய நகரம் மதிலுக்குள் அடக்கமாக இருக்கிறது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அரை மணியில் நடந்துவிடலாம். ஆபத்தே இதில்தான். "சின்ன ஊர்தானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்புகிறவர்கள் பாதி ஊரைப் பார்க்காமல் திரும்புகிறார்கள். எங்கே போவது என்பதை எல்லோரும் யோசிக்கிறார்கள், எப்போது போவது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

டிக்கெட் எடுக்கும்போதே தவறு ஆரம்பித்துவிடும். முன்பதிவு செய்யும் அட்வான்ஸ் டிக்கெட் மலிவுதான், ஆனால் அதில் குறித்திருக்கும் ரயிலில் மட்டுமே ஏறலாம். எல்லாம் ஐந்து மணிவாக்கில் மூடிவிடும், அப்புறம் அங்கே என்ன வேலை என்று கணக்குப் போட்டுத் திரும்பும் ரயிலையும் ஐந்து மணிக்கே எடுத்துவிடுவார்கள். ஆனால் யார்க் மின்ஸ்டர் பேராலயத்தில் வார நாட்களில் பெரும்பாலும் மாலை ஐந்தரைக்குத்தான் ஈவன்சாங், அதாவது பாடகர் குழுவோடு நடக்கும் மாலை வழிபாடு. கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். கச்சேரி இல்லை, வழிபாடு என்பதால் செல்போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அந்தக் கூரையின் கீழ் குரல்கள் எழுவதைக் கேட்பதற்காகவே ரயிலை ஏழு மணிக்குமேல் வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

வழிபாட்டுக்குப் போனால் போதும், டிக்கெட் வாங்கிப் பகலில் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்வதும் சரியில்லை. 1220-இல் தொடங்கி 1472-இல் முடிந்த கட்டடம் அது. அதன் பெரிய கிழக்குச் சாளரத்தை கவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் 1405-க்கும் 1408-க்கும் இடையில் செய்து கொடுத்தார். ஏறத்தாழ ஒரு டென்னிஸ் மைதான அளவுக்கு வண்ணக் கண்ணாடி. பைபிளின் தொடக்கமும் முடிவும் அதில் கட்டம் கட்டமாக இருக்கின்றன. கிழக்குப் பார்த்தது என்பதால் காலை வெயிலில்தான் அதற்கு உயிர் வரும். மதியம் மூன்று மணிக்கு வந்து "ஏதோ மங்கலாக இருக்கிறதே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. இன்னொன்று, ஞாயிறு காலையில் வழிபாடுகள் நடப்பதால் சுற்றிப்பார்க்க வருகிறவர்களைப் பிற்பகலில்தான் விடுவார்கள். ஒரே நாள் பயணத்துக்கு ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

உள்ளே போகிறவர்களில் பலர் நிலவறையை விட்டுவிடுகிறார்கள். 1960-களின் கடைசியில் நடுக்கோபுரம் சரிந்துவிடும் என்ற பயத்தில் அடித்தளத்தைப் பலப்படுத்தத் தோண்டியபோது, கீழே ரோமர்களின் படைத்தலைமையகம் வெளிப்பட்டது. 306-இல் கான்ஸ்டன்டைன் பேரரசராக அறிவிக்கப்பட்டது இந்த ஊரில்தான். பேராலயத்துக்கு வெளியே அவர் சிலையோடு படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் பாதிப் பேராவது நிலவறைக்கும் இறங்கினால் நன்றாக இருக்கும். கோபுரம் ஏற ஆசையிருந்தால் அதற்குத் தனி டிக்கெட், குறித்த நேரம், 275 படிகள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற விடமாட்டார்கள். கூட்டிப் போய் வாசலில் அழவைக்காதீர்கள்.

மதிலைச் சுற்றி நடப்பது இலவசம். மொத்தம் சுமார் 3.4 கிலோமீட்டர், நடுவில் விட்டுவிட்டுப் போகும். முழுச் சுற்றையும் முடித்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் அரை நாள் அதிலேயே போய்விடும். பூத்தம் பாரிலிருந்து மங்க் பார் வரையுள்ள துண்டு போதும் (இங்கே பார் என்றால் மதில் வாசல்). பேராலயத்தின் பின்பக்கமும் தோட்டங்களும் அங்கிருந்துதான் தெரியும். இருட்டத் தொடங்கியதும் வாசல்களைப் பூட்டிவிடுவார்கள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆகவே குளிர்காலத்தில் மதில்நடையை மதியத்துக்குள் முடியுங்கள். சில இடங்களில் உள்பக்கம் கைப்பிடி கிடையாது, மழை பெய்தால் கல் வழுக்கும்.

ஷாம்பிள்ஸ் தெருவுக்கு மதியம் போவது சுத்த வீண். கசாப்புக் கடைகள் இருந்த தெரு அது. மேல்மாடிகள் தெருவுக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும், இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் சில இன்னும் இருக்கின்றன. பதினொரு மணிக்குமேல் தலைகள் மட்டும்தான் தெரியும். ரயிலிலிருந்து இறங்கியதும் முதலில் இங்கே நடந்துவிட்டு, அப்புறம் பேராலயத்துக்குப் போகலாம்.

தேசிய ரயில்வே அருங்காட்சியகம் ரயில் நிலையத்தை ஒட்டியே இருப்பதால், ஊருக்குத் திரும்பும்போது எட்டிப் பார்க்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். போய்ச் சேரும்போது கதவை அடைத்துக்கொண்டிருப்பார்கள். 1938-இல் மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்ட மல்லார்ட் நீராவி எஞ்சினும், ஜப்பானின் பழைய ஷின்கான்சென் அதிவேக ரயிலும் அங்கே நிற்கின்றன. இரண்டு மணிவாக்கில் போய்விடுங்கள். வைக்கிங் கால யார்க்கைக் காட்டும் யார்விக் வைக்கிங் மையத்துக்குப் பள்ளி விடுமுறையில் போவதானால் முன்பதிவு இல்லாமல் வரிசையில் நிற்காதீர்கள். பெட்டிஸ் தேநீரகத்துக்கும் வரிசை உண்டு. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அதை விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

கிளிஃபர்ட்ஸ் கோபுரத்தைப் படம் எடுக்க வசதியான புல்மேடாக மட்டும் பார்ப்பதும் தவறுதான். 1190 மார்ச்சில் கலவரக் கும்பலுக்குப் பயந்து யார்க்கின் யூதர்கள் இந்த மேட்டில் அப்போதிருந்த மரக்கோட்டைக்குள் புகுந்தார்கள். சுமார் 150 பேர் இறந்தார்கள். பலர் கும்பலிடம் சிக்குவதைவிடச் சாவதே மேல் என்று தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். இன்று நிற்கும் கல் கோபுரம் 13-ஆம் நூற்றாண்டில் கட்டியது. கீழே இருக்கும் நினைவுக்கல்லைப் படித்துவிட்டு மேலே ஏறுங்கள்.

காரில் வருகிறவர்கள் மதிலுக்குள் வண்டியை விடும் யோசனையையே கைவிடலாம். பகலில் உள்தெருக்கள் பல நடப்பவர்களுக்கு மட்டும்தான். ஊருக்கு வெளியே பார்க் அண்ட் ரைடு நிறுத்தங்களில் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.