ஒளி இடுக்கியில் நுண்கம்பி: எழுந்து நிற்பதைப் படுக்கவைத்துச் சுழற்றுவது எப்படி?

குவித்த லேசர் ஒளியால் மிகச் சிறிய பொருள்களைப் பிடித்து நிறுத்தும் கருவிதான் ஒளி இடுக்கி. பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் எங்கள் சிறிய ஆய்வகத்தில் நுண்கம்பியைப் பிடித்த முதல் மூன்று வாரங்களும் ஒரே கதைதான். கம்பி லேசரில் மாட்டும். மறுநொடி திரையில் காணாமல் போய்விடும். அந்த மூன்று வாரங்கள் உங்களுக்கும் வீணாகக் கூடாது. ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மணியைப் பிடித்துப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கண். நம் லேசரின் 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்காமல் கேமராவில் பாருங்கள்.

துத்தநாக ஆக்ஸைடு கம்பிகள், 3 முதல் 5 மைக்ரான் நீளம் போதும். காய்ச்சி வடித்த நீரில் கலக்குங்கள். உப்பு இருந்தால் கம்பிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான 22 மி.மீ. சதுர கவர் ஸ்லிப்புக்கு 10 மைக்ரோலிட்டர் விட்டால் நீர் ஏறக்குறைய 20 மைக்ரான் ஆழத்துக்குப் பரவும். இந்த ஆழம் பின்னால் உதவும். விளிம்பை நெயில் பாலிஷால் அடைத்துவிடுங்கள். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது அடைக்காத ஸ்லைடு ஓரத்திலிருந்து வற்றும். உள்ளே நீர் ஓடத் தொடங்கி, பிடித்த கம்பியையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இப்போது லேசரைத் திறந்து ஒரு கம்பியை அணுகுங்கள். கோடாகத் தெரிந்த கம்பி சட்டென்று சுருங்கிப் புள்ளியாகும். இங்கேதான் நான் ஏமாந்தேன். கம்பி ஓடிவிடவில்லை, எழுந்து நிற்கிறது. பனைமரத்தை உச்சிக்கு மேலிருந்து பார்த்தால் கொண்டை மட்டும்தானே தெரியும்! ஒளி இடுக்கியை உருவாக்கிய ஆர்தர் ஆஷ்கின் குழுவினர் 1986இல் மணிகளைப் பிடித்தது இதே ஒற்றைக் கற்றையால்தான். மணிக்குத் தலை கால் கிடையாது, கம்பிக்கு உண்டு. குவியத்தின், அதாவது லேசர் ஒளி ஒன்றுகூடும் இடத்தின், பிரகாசமான பகுதி கற்றையின் திசையில் நீண்டிருப்பதால் கம்பியும் அதே திசையில் நிமிர்ந்துவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் லேசரை மூடுங்கள். புள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்ல நீண்டு, மறுபடியும் கோடாகும். இதை நாலைந்து முறை செய்து பார்த்துக் கண்ணுக்குப் பழக்குங்கள்.

படுக்கவைக்க, குவியத்தையே பக்கவாட்டில் நீட்ட வேண்டும். லேசர் பாதையில், ஆப்ஜெக்டிவுக்கு (ஒளியைக் குவிக்கும் மைக்ரோஸ்கோப் லென்ஸுக்கு) முன்னால் ஒரு செவ்வகப் பிளவை வையுங்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 2002இல் காட்டிய வழி இது. கற்றையின் வடிவத்தைக் கணினி மூலம் மாற்றும் விலையுயர்ந்த ஒளிப் பண்பேற்றிகளைவிடத் தொடங்குபவர்களுக்கு இதையே சொல்வேன். கையால் திருப்பும்போதுதான் விஷயம் மனதில் பதிகிறது. ஒன்றை மறக்காதீர்கள்: பிளவு எந்தத் திசையில் குறுகலோ அந்தத் திசையில்தான் குவியம் நீளும். செங்குத்தாகப் பிளவை வைத்துவிட்டுச் செங்குத்தான கோட்டைத் தேடி நான் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

பிளவு ஒளியில் பெரும்பகுதியை வெட்டிவிடுவதால் பிடி தளரும், கம்பி ஒளி போகும் திசையில் தள்ளப்படும். அந்தத் திசையில் உள்ள கண்ணாடிக்கு அருகே குவியத்தைக் கொண்டுபோனால் கண்ணாடியே கம்பியைத் தாங்கும். ஆழம் குறைந்த துளி இதற்காகத்தான்.

இனி, பிளவு இருக்கும் சுழல் வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். கம்பி கூடவே திரும்பும், கடிகார முள் போல. நீரின் இழுவை இருப்பதால் வேகமாகத் திருப்பினால் கம்பி பின்தங்கி நழுவும்.

பிற்சேர்க்கை: சத்தியவேட்டிலிருந்து ஒரு மாணவி, வெள்ளிக் கம்பியைப் பிடித்தால் குமிழி வருகிறதே என்று கேட்டிருந்தார். உலோகம் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது, பக்கத்து நீர் ஆவியாகிறது. லேசரின் திறனைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் குமிழி வந்தால், துத்தநாக ஆக்ஸைடில் கை நன்றாகத் தேறும்வரை வெள்ளியைத் தள்ளி வையுங்கள்.