வயலில் காடை நிலைக்க வேண்டுமா? இந்தத் தவறுகளை விடுங்கள்

வயலோரத்தில் காடைச் சத்தம் கேட்க வேண்டும் என்று ஆசை வந்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது, பண்ணையில் பத்து இருபது காடை வாங்கி வந்து பத்தைக்குள் திறந்துவிடலாம் என்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பண்ணையில் விற்பது ஜப்பானியக் காடை. முட்டைக்கும் இறைச்சிக்குமென்று தலைமுறை தலைமுறையாகக் கூட்டில் வளர்த்த இனம். ஆறேழு கிழமையில் முட்டையிடத் தொடங்கிவிடும், ஆனால் அடைகாக்கும் குணம் பெரும்பாலும் போய்விட்டது. அதனால்தான் இன்குபேட்டரில் 17, 18 நாள் வைத்துப் பொரிக்க வைக்கிறார்கள். கீரியைக் கண்டால் ஒளிக்கவும் தெரியாது. வெளியே விட்டால் சில நாளில் எதற்காவது இரையாகிவிடும். அதற்குள் பண்ணை நோயை நாட்டுப் பறவைக்குக் கொடுத்துவிடவும் கூடும்.

வேறு இடத்தில் கண்ணி வைத்துப் பிடித்து வந்து விடுவது இதைவிடப் பிழை. அங்கே இருந்ததும் போய், இங்கேயும் நிலைக்காது. இலங்கையில் காட்டுப் பறவை பிடிப்பதற்கு எதிராக 1937 ஆம் ஆண்டிலிருந்தே சட்டமும் இருக்கிறது.

உண்மையில் காடையை நாம் கொண்டுவரத் தேவையில்லை. அது ஏற்கெனவே பக்கத்தில் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை வயல் வட்டைகளில் அதிகம் காணக்கூடியது, பின்விரல் இல்லாமல் காலில் மூன்றே விரல் உள்ள சின்னக் காடை. பறவையியலில் அது மற்றக் காடைகளிலிருந்து வேறு குடும்பம். புதர்க்காடை என்ற இன்னொரு இனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கல்லோயாப் பக்கத்துப் புல்வெளிகளுக்குப் போக வேண்டும். நம் மூன்று விரல் காடையில் பெட்டைதான் பெரியது, தொண்டை கறுத்தது. கூப்பிடுவதும் அதுதான், தூரத்தில் மோட்டார் சைக்கிள் ஓடுவது போல ‘டுர்ர்ர்’ என்று இழுக்கும். வழமையாக நாலு முட்டை இட்டுவிட்டு அது அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும், குஞ்சுகளைக் கூட்டித் திரிந்து முதல் நாட்களில் சொண்டால் இரை எடுத்துக் கொடுப்பதும் சேவல். இதைத் தெரிந்து வைத்திருந்தால், சோளன் தோட்டத்தில் தனியாக நிற்கும் மங்கல் நிறக் காடையைச் சும்மா விரட்ட மனம் வராது.

சரி, பக்கத்தில் இருக்கிற பறவை ஏன் உங்கள் நிலத்தில் தங்குவதில்லை? பெரும்பாலும் வரம்பில்தான் காரணம். வரம்பையும் வாய்க்கால் கரையையும் புல் ஒன்றில்லாமல் செருக்கி, மிச்சத்துக்குக் களைநாசினி அடித்து, ‘துப்புரவாக’ வைத்திருக்கிறோம். பெரிய காடை புல்விதை தின்று சமாளிக்கும். குஞ்சால் முடியாது. முதல் இரண்டு கிழமைக்கு அதற்குப் பூச்சி வேண்டும்: எறும்பு, கறையான், சின்ன வெட்டுக்கிளி. களை போனால் அதிலிருக்கும் பூச்சியும் போகும், குஞ்சு பட்டினி. இங்கிலாந்தின் சசெக்ஸ் வயல்களில் 1968 இல் தொடங்கிய ஆய்வு, அங்கே கவுதாரி குறைந்ததற்கு இதே காரணத்தைக் காட்டியது. வயலின் வெளி ஓரத்தில் 6 மீற்றர் அளவு மருந்து குறைத்து விட்டபோது குஞ்சுகள் கூடுதலாகப் பிழைத்தன. நம் சிறிய வயல்களில் அவ்வளவு விட முடியாது. மேட்டுநிலத்துக் கச்சான், சோளன், பயறு ஓரத்தில் ஆறேழு அடி விட்டாலே போதும் என்பது என் எண்ணம். குருணை மருந்து போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மண்மேல் கிடக்கும் குருணையைப் பறவை தானியமென்று கொத்தும்.

ஆனால் அப்படியே காடாகவும் விடக் கூடாது. இதை விளங்காமல்தான் நல்ல மனதோடு தொடங்குபவர்களும் தோற்கிறார்கள். இலுக்குப் புல் நெருங்கி வளர்ந்த இடத்தில் குஞ்சால் நடக்கவே முடியாது. பனியில் நனைந்தால் குளிரில் செத்துப்போகும். காடைக்கு மேலே இலை மறைப்பும், கீழே நடக்க வெறும் மண்ணும் வேண்டும். நடுவே மண் குளிக்க உலர்ந்த புழுதியும் வேண்டும். புல்லைக் குனிந்து விலக்கிப் பாருங்கள். அடித்தூர்களுக்கு இடையில் விரல் வைக்க மண் தெரிந்தால் நல்ல இடம். தெரியாவிட்டால் மூன்றில் ஒரு பங்கை இந்த வருடம் வெட்டுங்கள், மற்றப் பங்குகளை அடுத்தடுத்த வருடங்களில். மேய்ச்சலுக்கென்று வெயில் காலத்தில் நெருப்பு வைப்பது வேண்டாம். இந்தக் காடைக்கு ஒரே முட்டைப் பருவம் என்று இல்லாததால், எப்போது கொளுத்தினாலும் ஏதோ ஒரு கூடு எரியும்.

ஒரே இடத்தில் அரிசி, குரக்கன் தூவுவதும் நல்லதல்ல. காகமும் பூனையும் அந்த இடத்தைப் படித்துவிடும். வாடியில் நாய் இருந்தால் இரவில் கட்டி வையுங்கள்.

அப்புறம் அறுவடை. வெட்டு மெஷின் வரம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே போனால், பறக்கத் தயங்கும் காடை நடுவில் மிஞ்சும் கடைசித் துண்டுக்குள் ஒதுங்கி, மெஷினுக்குள்ளேயே போய்விடும். ஒரு பக்கத்தில் தொடங்கி, பத்தை இருக்கும் பக்கமாக வெட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கூலியைப் பேசும்போதே டிரைவரிடம் இதையும் பேசிவிடுவது நல்லது; வயலுக்குள் மெஷின் இறங்கிய பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.