பிள்ளைக்கு அலாய் பேஸ்பால் பேட் வாங்கப் போகிறீர்களா? முதலில் எடையைப் பாருங்கள்

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பேஸ்பால் ஆட வருகிற பிள்ளைகள் அநேகமாக கிரிக்கெட் ஆடிப் பழகிய கையோடுதான் வருகிறார்கள், கூட வருகிற அப்பாவும் அப்படித்தான். கடையில் அலாய் பேட்டை, அதாவது அலுமினியக் கலவையில் செய்த பேட்டைத் தூக்கிப் பார்த்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "என்னங்க, வெயிட்டே இல்லையே, இன்னும் கொஞ்சம் கனமா இருந்தா காட்டுங்க" என்பதுதான். கடைக்காரரும் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்துவிடுவார். பேட் தேர்வு கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கிரிக்கெட் பேட் ஒரு கிலோவுக்கு மேல் இருந்தாலும் அதைக் கீழே தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுகிறோம், பாதி வேலையை அதன் கனமே செய்துவிடும். பேஸ்பாலில் அப்படி இல்லை. தோளுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு நின்று, பந்து எறிகிறவர் கையைவிட்டுக் கிளம்பியதும் முடிவெடுத்து, குறுக்கே வீச வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கான லிட்டில் லீக் மைதானத்தில் பந்து எறியும் தூரம் 46 அடி, அதாவது 14 மீட்டர். எறிகிற பையன் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தாலே பந்து வந்து சேர அரை நொடிக்குச் சற்று மேல்தான் ஆகும். அதற்குள் சுற்ற முடியாத பேட் எவ்வளவு நல்ல பேட்டாக இருந்தும் பயனில்லை. "வளர்ற பிள்ளைதானே, ரெண்டு வருஷம் வரட்டும்" என்று யூனிஃபார்ம் எடுக்கிற கணக்கில் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். அந்த ரெண்டு வருஷமும் பிள்ளை லேட்டாகச் சுற்றியே பழகிவிடும், அப்புறம் அதை மாற்றுவது பேட்டை மாற்றுவதைவிடக் கஷ்டம்.

சரி, எண்களுக்கு வருவோம். பேட்டின் மேல் நீளம் அங்குலத்திலும் எடை அவுன்ஸிலும் போட்டிருக்கும். நீளத்திலிருந்து எடையைக் கழித்தால் வருவதுதான் டிராப். 30 அங்குலம், 20 அவுன்ஸ் என்றால் டிராப் 10, அதை மைனஸ் 10 என்று எழுதியிருப்பார்கள். ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம், ஆக அந்த பேட் 567 கிராம். அதே 30 அங்குலம் மைனஸ் 8 என்றால் 22 அவுன்ஸ், 624 கிராம். 32 அங்குலம் மைனஸ் 3 என்றால் 29 அவுன்ஸ், 820 கிராமைத் தாண்டிவிடும். கழித்தல் எண் பெரிதாகப் பெரிதாக பேட் லேசு, அவ்வளவுதான். 8 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு மைனஸ் 10 பக்கம் போவது நல்லது, உடம்பு கொஞ்சம் வலுவாக இருந்தால் மைனஸ் 8. 13, 14 வயதில் மைனஸ் 8 அல்லது மைனஸ் 5. மைனஸ் 3 என்பது அமெரிக்கக் கணக்கில் ஒன்பதாவதுக்கு மேல் படிக்கிற உயர்நிலைப் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களுக்கானது. ஏழாவது படிக்கிற பிள்ளை கையில் அதைக் கொடுக்காதீர்கள்.

நீளத்துக்கு உயரத்தை வைத்து ஒரு தோராயக் கணக்கு உண்டு. பிள்ளையின் உயரம் நாலடிக்கு மேல் நாலடி நாலு அங்குலம் வரை என்றால் 28, 29 அங்குல பேட். நாலடி எட்டு வரை 29, 30. ஐந்தடி வரை 30, 31. ஐந்தடி நாலு வரை 31, 32. இது தொடங்கும் இடம் மட்டும்தான். பிள்ளையை நேரில் நிறுத்தி, பிடியின் அடியிலுள்ள குமிழ் முனையை நெஞ்சின் நடுவில் வைத்து, பக்கவாட்டில் நீட்டிய கையின் வழியாக பேட்டைப் படுக்கவையுங்கள். விரல்கள் பேட்டின் நுனியை எட்டிப் பிடித்தால் நீளம் சரி. எட்டவில்லை என்றால் ஒரு அங்குலம் குறையுங்கள்.

எடைக்கு இதைவிடச் சுலபமான சோதனை இருக்கிறது. ஒரே கையால் பிடிப் பக்கம் பிடித்து, கையை நேராக முன்னால் நீட்டி, அரை நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள். இருபது நொடிக்குள் கை நடுங்கி பேட் கீழே சாய ஆரம்பித்தால் அது அந்தப் பிள்ளைக்கான எடை இல்லை. அதோடு விடாமல் கடை வாசலில் ஆள் இல்லாத பக்கமாக நிறுத்தி ஏழெட்டு முறை வீசச் சொல்லிப் பாருங்கள். கடைசி வீச்சுகளில் பேட்டின் தலை கையைவிட ரொம்பத் தாழ்ந்து வந்தால் ஒரு படி லேசானதுக்கு இறங்குங்கள். இன்னொன்று, மேலே அச்சடித்த எடையை அப்படியே நம்ப வேண்டியதில்லை, பிடிச் சுற்றோடு சேர்த்து நிறுத்தால் பல பேட்டுகள் கொஞ்சம் கூடவே காட்டும். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஒரே எடையுள்ள இரண்டு பேட் கையில் வேறு வேறாகத் தெரிவதும் உண்டு. கனம் முழுக்கப் பரவியிருந்தால் அது பேலன்ஸ்டு, நுனிப் பக்கம் கூடியிருந்தால் எண்ட் லோடட். பிள்ளைகளுக்குப் பேலன்ஸ்டுதான் சரி, இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அலாய் ஏன், காம்போசிட் (கார்பன் நார் கலந்து செய்தது) ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். அலாய் விலை குறைவு, வாங்கிய அன்றே முழு வேகத்தில் ஆடலாம். காம்போசிட் பேட்டை நூற்றைம்பது, இருநூறு அடி அடித்துப் பழக்க வேண்டும், குளிரில் விரிசல் விடும் பயமும் இருக்கிறது. மார்கழிக் காலையில் ஓசூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ பயிற்சிக்குப் போகிற பிள்ளைக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. அலாய் கெட்டுப்போனாலும் பெரும்பாலும் நசுங்கும், கண்ணுக்குத் தெரியும். குறை என்றால், பந்து தப்பான இடத்தில் பட்டால் கை விண்ணென்று அதிரும். ஒரே துண்டாகச் செய்த பேட்டில் அது அதிகம். சற்றுத் தடித்த பிடிச் சுற்றும் பேட்டிங் கையுறையும் இருந்தால் பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

அலாயிலும் தரம் இருக்கிறது. ஓசூர் சிப்காட் பக்கம் மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கிறவருக்கு 6061 என்றாலே இன்ன அலுமினியம் என்று தெரியும், அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பேட்டில் பெரும்பாலும் துத்தநாகம் கலந்த 7000 வரிசை அலாய்தான் நல்லது; 7046, 7050 என்ற எண்களைப் பார்க்கலாம். வலுவான அலாய் என்றால் சுவரை மெல்லியதாக இழுக்கலாம், அந்த மெல்லிய சுவர் பந்து படும்போது லேசாக உள்வாங்கித் திரும்பித் தள்ளும். இந்தத் தள்ளல் அளவு மீறிப் போகக் கூடாது என்றுதான் முத்திரைகள் வந்தன. அமெரிக்காவில் 2018 ஜனவரியிலிருந்து சிறுவர் லீக்குகளுக்கு யுஎஸ்ஏ பேஸ்பால் முத்திரை, ஏறக்குறைய மரப் பேட் அளவுக்குத்தான் அது தள்ளும். யுஎஸ்எஸ்எஸ்ஏ என்ற இன்னொரு அமெரிக்க அமைப்பின் முத்திரை, 1.15 என்று போட்டிருந்தால் அதைவிடத் துள்ளல் அதிகம். பிபிகோர் .50 என்ற தள்ளல் வரம்பு முத்திரை மைனஸ் 3 பேட்டுகளுக்கானது, 2011இல் அங்கே கல்லூரிகளுக்கும் மறு வருஷம் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் கட்டாயமானது. நம் பிள்ளை ஆடப்போகும் போட்டியில் எந்த முத்திரையை, எந்த அளவை அனுமதிக்கிறார்கள் என்று பி.டி. சாரிடம் கேட்டுவிட்டே பணத்தை எடுங்கள். வாங்கிய பிறகு கேட்பதில் அர்த்தமில்லை.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. ஆன்லைனிலும் கார் ஆக்சசரீஸ் கடைகளிலும் "பேஸ்பால் பேட்" என்று பளபளவென்று ஒன்று விற்கிறது, தற்காப்புக்கு வண்டியில் வைத்துக்கொள்ள என்று. அது ஆட்டத்துக்கானதே இல்லை. நீளம் மட்டும் இருக்கும், டிராப் இருக்காது, அலாய் எண் இருக்காது, முத்திரை இருக்காது, தூக்கினால் இரும்புக் கம்பிபோல் கனக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று அதை பிள்ளை கையில் கொடுத்தால் தோள்பட்டை போய்விடும். இன்னொரு குழப்பம் சாஃப்ட்பால் பேட், பேஸ்பால் மாதிரியே பெரிய பந்தில் ஆடுகிற ஆட்டத்துக்கானது. பல கடைகளில் இரண்டையும் ஒரே அலமாரியில் போட்டு வைத்திருப்பார்கள். சாஃப்ட்பால் பேட்டின் பருத்த பகுதியின் குறுக்களவு இரண்டேகால் அங்குலம், பார்க்க நீளமாக ஒல்லியாக இருக்கும். பேஸ்பால் பேட்டில் இரண்டேகாலும் உண்டு, 2 5/8 அங்குலமும் உண்டு, அதாவது சுமார் 67 மில்லிமீட்டர். அதனால் வெர்னியர் வைத்து அளந்தால் மட்டும் போதாது, மேலே சாஃப்ட்பால் அல்லது ஃபாஸ்ட்பிட்ச் (சாஃப்ட்பாலில் ஒரு வகை) என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். பேஸ்பால் பந்து சின்னது, கடினமானது. சாஃப்ட்பால் பேட்டில் அதை அடித்தால் சீக்கிரமே நசுங்கும்.

எங்கே வாங்குவது என்றால், உள்ளூர்க் கடைகளில் கிரிக்கெட், வாலிபால், ஷட்டில் சாமான்தான் முன்னால் இருக்கும், பேட்டைச் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு பக்கம், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். தர்மபுரியிலிருந்து சென்னைக்குப் போகிற வேலை இருந்தால் பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய விளையாட்டுச் சாமான் கடைகளில் ஏறி இறங்கலாம். முடிந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆன்லைன்தான் வழி என்றால், அணியில் யாரிடமாவது 29, 30 அங்குல பேட் இருந்தால் அதை வாங்கி மேலே சொன்ன சோதனைகளைச் செய்து, அந்த எண்ணை வைத்து ஆர்டர் போடுங்கள். திருப்பி அனுப்ப வசதி இல்லாத இடத்தில் வாங்காதீர்கள்.

பழைய பேட் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் பார்த்து. ஸ்கேல் ஒன்றைப் பருத்த பகுதியில் நெடுக வைத்துச் சுற்றிலும் திருப்பினால் பள்ளம் தெரியும். ஆட்டிப் பாருங்கள், உள்ளே கடகடவென்றால் நுனி மூடி தளர்ந்திருக்கிறது. பந்தில் அடித்தால் "டிங்" என்று மணிச்சத்தம் வர வேண்டும், மொத்தையாக "டப்" என்றால் எங்கோ விரிசல். நசுங்கியதை லேத்தில் கொடுத்து சரிபண்ணலாம், கொஞ்சம் கடைந்து லேசாக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், ஓசூரில் சொல்ல ஆள் இருப்பார்கள், கேட்காதீர்கள். கைவைத்த பேட் போட்டியில் செல்லாது, சுவர் உடைந்து சிதறினால் யார் முகத்தில் படும் என்று சொல்லவும் முடியாது.

அணிக்கே ஒரு பேட்தான் வாங்க முடியும் என்றால் நடுத்தரப் பிள்ளைக்கும் சற்றுச் சின்னவனுக்கும் பொருந்துகிற அளவை எடுங்கள். பெரியவன் லேசான பேட்டைச் சமாளித்துவிடுவான். கனம் என்று படுகிற குட்டிப் பிள்ளைகள் பிடியை இரண்டு விரற்கடை மேலே ஏற்றிப் பிடிக்கட்டும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

வாங்கி வந்த பிறகு கார்க் பாலோ ஸ்டம்பர் பாலோ போட்டு அடிக்க விடாதீர்கள், கிரிக்கெட் பந்து கூடவே கூடாது. ஒவ்வொரு அடிக்கும் பேட்டைக் கால் சுற்றுத் திருப்பிப் பிடிக்கச் சொன்னால் ஒரே இடம் தேயாது. கிரிக்கெட் பழக்கத்தில் நிற்கும்போதெல்லாம் நுனியைத் தரையில் தட்டிக்கொண்டே இருப்பார்கள், நுனி மூடி உடைவது பெரும்பாலும் அதனால்தான். பிடிச் சுற்று வியர்வையில் வழுக்க ஆரம்பித்தால் உடனே மாற்றுங்கள், வெயிலில் வேகிற கார் டிக்கியிலும் தகரக் கொட்டகையிலும் போட்டு வைத்தால் அதன் பசை இன்னும் சீக்கிரம் விட்டுப்போகும்.