உயர்த்திய ஆஃப்-ரோடு வண்டியில் தேய்ந்த புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கண்டறிந்து மாற்றும் முறை

சஸ்பென்ஷனை 3 அல்லது 4 அங்குலம் உயர்த்திய பிறகு, அதுவரை எந்தத் தொல்லையும் தராத புரொப்பல்லர் ஷாஃப்ட் (சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுசெல்லும் தண்டு) சில மாதங்களிலேயே ஆட்டம் காணத் தொடங்குவதைப் பலரும் சந்திக்கிறார்கள். ஷாஃப்ட்டின் முனையில் உள்ள ஜாயின்ட்டின் (மூட்டு) நடுவே இருக்கும் சிலுவை வடிவத் துண்டான கிராஸ் தேய்ந்ததும், அதைக் கழற்றிப் புதியதைப் போட்டால் வேலை முடிந்தது என்று நம்பி, ஒரே ஆண்டில் ஒரே ஜாயின்ட்டில் இரண்டு முறை கிராஸ் மாற்றியிருக்கிறேன். மூன்றாவது முறை கழற்றும் முன்புதான் கோணத்தை அளந்தேன். தேய்மானத்துக்குக் காரணம் கிராஸின் தரமல்ல, ஷாஃப்ட் நின்ற சாய்வுதான் என்பது அப்போது தெளிவானது. ஆகவே அளவெடுத்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும் என்பதை முதலிலேயே வலியுறுத்திவிடுகிறேன்.

யுனிவர்சல் ஜாயின்ட், அதாவது அந்தச் சிலுவை மூட்டு, சாய்ந்த நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும், வெளியேறும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடி இரண்டு முறை குறைகிறது. 10 டிகிரி சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் இருபக்கமும் சுமார் 1.5 சதவீதம், 20 டிகிரியில் சுமார் 6 சதவீதம். அதாவது, சாய்வு இரு மடங்கானால் குலுக்கம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஷாஃப்ட்டின் மறுமுனையில் உள்ள ஜாயின்ட் இதே கோணத்தில் நின்று, ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால், முதல் ஜாயின்ட் உண்டாக்கிய ஏற்ற இறக்கத்தை இரண்டாவது ஜாயின்ட் சமன் செய்துவிடும். வண்டியை உயர்த்தும்போது ஷாஃப்ட்டின் சாய்வு கூடுவதோடு, ஆக்ஸிலும் சற்றுச் சுழன்று பினியனின் (ஷாஃப்ட்டிலிருந்து ஆக்ஸிலுக்குள் சுழற்சியை வாங்கும் பல்சக்கரத் தண்டு) முகம் திசை மாறுவதால், இந்தச் சமநிலை கெட்டுவிடுகிறது.

நோயைச் சத்தத்திலிருந்தே ஓரளவு கணிக்கலாம். மெதுவாக நகரும்போது வேகத்துக்கேற்பக் கீச்சிடும் ஒலி, கிராஸின் முனைகளைத் தாங்கும், ஊசி போன்ற உருளைகள் கொண்ட நீடில் பேரிங் கிரீஸ் வற்றியதன் குரல். முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது கேட்கும் ‘டங்’ என்ற அடி, ஜாயின்ட்டிலோ, ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் விடும் பல் கோப்பான ஸ்பிளைனிலோ இடைவெளி விழுந்ததன் அடையாளமாக இருக்கலாம். தனித்தனி முன் சஸ்பென்ஷன் கொண்ட வண்டியில், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிச் செல்லும்போது ‘டக் டக்’ என்று கேட்டால், அது சக்கரத்தின் பக்கம் உள்ள சிவி ஜாயின்ட் (சீரான வேகத்தில் சுழற்சியைக் கடத்தும் மூட்டு). முதலில் அதன் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதிர்வைப் பிரித்தறிவதற்குக் கணக்கு உதவும். 33 அங்குல டயர் 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 8.5 சுற்றுகள் சுற்றும். டிஃபரென்ஷியல் விகிதம் 4.10 என்றால் ஷாஃப்ட் அதே நொடியில் சுமார் 35 சுற்றுகள் சுற்றும். எனவே இருக்கையையும் ஸ்டியரிங்கையும் மெதுவாக ஆட்டும் அதிர்வு டயரிலிருந்தும், தரைத்தகட்டில் இரைச்சலாக உணரப்படும் வேகமான அதிர்வு ஷாஃப்ட்டிலிருந்தும் வருவதற்கே வாய்ப்பு அதிகம். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இயக்கத்துக்கு மாறும் வண்டியில் முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்த்தால், குற்றம் முன்னாலா பின்னாலா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வண்டிக்கு அடியில் போகும் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்தே ஆக வேண்டும். இதை வெறும் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக், முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புற டிரம்மில்தான் பிடிக்கிறது. பின் ஷாஃப்ட்டைக் கழற்றிய கணமே அந்தப் பிடி பின் சக்கரங்களை எட்டாது. ஆட்டோமேட்டிக் வண்டியின் ‘பார்க்’ நிலைக்கும் இதே ஆபத்து உண்டு.

கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் ஷாஃப்ட்டையும் மறு கையால் அது போல்ட் மூலம் இணையும் தட்டான ஃபிளாஞ்சையும் பிடித்து எதிரெதிராகத் திருக வேண்டும். இரண்டும் சேர்ந்து சிறிது அசைந்தால் அது டிஃபரென்ஷியல் பற்களின் இயல்பான இடைவெளி. ஒன்று நிற்க மற்றொன்று அசைந்தால் ஜாயின்ட் போய்விட்டது. பேரிங் ஊசிகளை மூடியிருக்கும் கப்பின் விளிம்பைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் நுண்ணிய தூள் படிந்திருந்தால், உள்ளே தண்ணீர் புகுந்து ஊசிகள் துருவேறிவிட்டன என்று பொருள். ஷாஃப்ட்டைக் கழற்றிய பின் ஜாயின்ட்டைக் கையால் மெல்ல மடக்கிப் பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்று நகர்ந்தால் அதை மாற்றியே தீர வேண்டும். அத்தகைய கிராஸின் தண்டைத் துடைத்து நகத்தால் வருடினால், ஊசிகள் அழுந்திப் பதிந்த வரிகள் ஒவ்வொன்றாக நகத்தில் தட்டும். குழாயில் நசுங்கல் இருந்தால் ஷாஃப்ட்டைக் காப்பாற்ற முயலக் கூடாது.

கோணத்தை அளக்கும்போது வண்டியின் எடை சக்கரங்களின் மீதே இருக்க வேண்டும். சேஸியைத் தூக்கிவிட்டு அளந்தால் கிடைப்பது தவறான எண். டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளியீடு, ஷாஃப்ட், பினியன் ஆகிய மூன்றின் சாய்வையும் அளந்து, அடுத்தடுத்துள்ளவற்றின் வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். பின் ஷாஃப்ட்டில் வெளியீடு 3 டிகிரியும், ஷாஃப்ட் 15 டிகிரியும், பினியன் 9 டிகிரியும் பின்னோக்கித் தாழ்ந்திருந்தால், மேல் ஜாயின்ட் 12 டிகிரியிலும் கீழ் ஜாயின்ட் 6 டிகிரியிலும் இயங்குகின்றன. இந்த ஷாஃப்ட் அதிரத்தான் செய்யும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 1 டிகிரிக்குள் கொண்டுவர, லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆப்பு வடிவத் தகடும், காயில் ஸ்பிரிங் வண்டியில் நீளம் மாற்றக்கூடிய கன்ட்ரோல் ஆர்மும் பயன்படுகின்றன.

சமன் செய்த பிறகும் சாய்வு மிகுதியாக இருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாயின்ட் கொண்ட டபுள் கார்டன் ஷாஃப்ட்டுக்கு மாறுவதே என் பரிந்துரை. அப்போது விதியே மாறிவிடும்: பினியன் வெளியீட்டுக்கு இணையாக இராமல் ஷாஃப்ட்டை நேராக நோக்கி நிற்க வேண்டும்; பின் ஆக்ஸிலில், இழுவையின்போது பினியன் முகம் மேலெழும் என்பதால், 1 அல்லது 2 டிகிரி தாழ்த்தி வைப்பது நல்லது. முன் ஆக்ஸிலில் இதைச் செய்யும்போது நிதானம் தேவை. பினியனை உயர்த்த உயர்த்த காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சின் பின்னோக்கிய சாய்வு) குறைந்து, நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைபாயும். சாலையில் அதிகம் ஓடும் வண்டி என்றால் நான் காஸ்டரையே காப்பாற்றுவேன்.

புதிய ஷாஃப்ட்டுக்கான நீளத்தை, வண்டி இயல்பான உயரத்தில் நிற்கும்போது ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து எதிர் ஃபிளாஞ்ச் முகம் வரை எடுக்க வேண்டும். பிறகு ஆக்ஸில் முழுக்கத் தொங்கும் நிலையிலும், முழுக்க மேலேறிய நிலையிலும் அளந்து பார்க்க வேண்டும். முதல் நிலையில் ஸ்பிளைன் கழன்றுவிடக் கூடாது, இரண்டாவதில் அது அடிவரை போய் முட்டக் கூடாது. பெரிய டயர் போட்டவர்கள் ஸ்பைசர் 1310 அளவிலிருந்து 1350 அளவுக்குப் போவதுண்டு. கப்பின் விட்டம் சுமார் 27 மில்லிமீட்டரிலிருந்து 30 மில்லிமீட்டராகக் கூடுகிறது. அதற்கேற்ற ஃபிளாஞ்சையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

கழற்றும் முன் ஃபிளாஞ்ச், ஷாஃப்ட், நீளம் மாற இடம்தரும் ஸ்லிப் பகுதி ஆகியவற்றின் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஸ்பிளைன் ஒரு பல் மாறிக் கோத்தாலும் கவைகளின் தளம் பிறழ்ந்துவிடும். ஷாஃப்ட்டின் ஒரு முனையை மட்டும் அவிழ்த்து அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது. ஸ்லிப் யோக் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நுழையும் வகை என்றால் அதை உருவும்போது ஆயில் கொட்டும் என்பதால் கீழே ஒரு தட்டு வையுங்கள்.

கிராஸை மட்டும் மாற்றுவோர், கப்பைப் பிடித்து நிறுத்தும் வளையமான சர்க்லிப்பை எடுத்துவிட்டு, பெஞ்ச் வைஸில் ஒருபுறம் சிறிய சாக்கெட்டும் மறுபுறம் பெரிய சாக்கெட்டும் வைத்து அழுத்தினால் கப் வெளியே வரும். புதிய கப்பை ஏற்றும்போது ஓர் ஊசி சாய்ந்தாலும் கப் முழுக்க உள்ளே போகாது, சர்க்லிப் அதன் பள்ளத்தில் உட்காராது. அந்த நிலையில் சுத்தியலால் அடிப்பது பேரிங்கைக் கெடுக்கும். வெளியே எடுத்து, ஊசிகளைக் கிரீஸால் ஒட்டி நிறுத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். பொருத்திய பின் ஜாயின்ட் எல்லாத் திசையிலும் இறுக்கமின்றி மடங்க வேண்டும். கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிள் உள்ள கிராஸில், நான்கு சீல்களிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை ஏற்றுங்கள்.

ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, மரை பூட்டும் பசை தடவி, அந்த வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்க வேண்டும். 100 முதல் 200 கிலோமீட்டர் ஓடிய பிறகு அடியில் படுத்து அதே போல்ட்டுகளை மறுபடி சோதிப்பதோடு, கோணத்தையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். புதிய ஸ்பிரிங் சற்று அமர்ந்து, முதலில் எடுத்த எண் மாறியிருக்கலாம். ஆழமான தண்ணீரில் இறங்கி ஏறிய ஒவ்வொரு முறையும் நிப்பிளில் புதுக் கிரீஸ் ஏற்றி, பழைய கிரீஸோடு தண்ணீரையும் வெளியேற்ற வேண்டும்.