கூட்டைத் தேடிப் போகாதீர்கள்: பறவை இனப்பெருக்கப் பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு எங்கள் கண்மாய்க்குப் பறவை பார்க்கப் புதிதாக வந்த தம்பி, ஆள்காட்டிப் பறவை கத்திய பக்கமாகவே விறுவிறுவென்று நடந்தார். "முட்டையைப் பாத்துட்டா உறுதின்னு போட்டுடலாம்ணா" என்றார். பறவைப் பதிவுகளை ஏற்றும் இ-பேர்டு தளத்தில், இந்தப் பறவை இங்கே இனப்பெருக்கம் செய்வது 'உறுதி' என்று குறிப்பதைத்தான் அப்படிச் சொன்னார். பல வருடம் முன்பு நானும் இதே வேகத்தில் நடந்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பறவையின் பெயரை மாற்றிப் போடுவதெல்லாம் நாலைந்து மாதத்தில் தானாகச் சரியாகிவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

பாட்டுக் கேட்டதும் குறித்துவிடுவது

ஆறுமணிக்குருவி குளிர்காலத்தில் நம் தோட்டங்களில் விடியலிலும் அந்தியிலும் கூப்பிடும். அது கூடு கட்டுவது வடக்கே, மழைக்காலத்தில். சூறைக்குருவிகள் கூட்டமாக மரத்தில் அடைந்து இரைச்சல் போடும். அவை முட்டையிடுவது மத்திய ஆசியப் பக்கம். வலசை வந்த பறவையா என்று பார்த்துவிட்டு அப்புறம் இனப்பெருக்கக் குறியீடு போடுங்கள்.

முட்டையைப் பார்த்தால்தான் உறுதி என்று நினைப்பது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். இ-பேர்டில் 'உறுதி' என்ற பிரிவில் முட்டையுள்ள கூடும் இருக்கிறது, குஞ்சுக்கு இரை ஊட்டும் தாயும் இருக்கிறது, குஞ்சின் எச்சத்தைக் கவ்விக்கொண்டு பறக்கும் பறவையும் இருக்கிறது, அடைகாக்க உட்கார்ந்திருக்கும் பறவையும் இருக்கிறது. எல்லாம் ஒரே தட்டுதான். கிட்டே போய் முட்டையை எண்ணியதால் பதிவின் மதிப்பு இம்மியளவும் கூடாது.

ஒரு மே மாதம், காலை பதினொரு மணி. வற்றிய கண்மாய்க்குள் ஆள்காட்டி ஜோடி ஒன்று எங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. தேடினோம். தரையில் சின்னக் குழி, சுற்றிலும் கூழாங்கல்லும் ஆட்டுப்புழுக்கையும், நடுவில் கூர்முனைகள் உள்நோக்கி இருக்க நான்கு முட்டைகள். மண் நிறம், கரும்புள்ளி. படம் எடுத்தோம், இன்னொரு கோணத்தில் எடுத்தோம். இருபது நிமிடம் போனதே தெரியவில்லை. அந்த வெயிலில் ஆள்காட்டி தன் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்துதான் முட்டையைக் குளிர்விக்கும். அதை நாங்கள் உட்காரவே விடவில்லை. பனைமரத்தில் ஒரு காகம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் குழியில் ஒரு முட்டைகூட இல்லை. ஓட்டுத்துண்டு ஒன்று மட்டும் ஒட்டிக் கிடந்தது. காகம் நம் கண்ணால்தான் கூட்டைக் கண்டுபிடிக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். பதிவு செய்யத்தானே போனேன் என்பது பறவைக்குத் தெரியாது.

சரி, என்ன செய்வது? பறவை கத்தத் தொடங்கினாலே பின்வாங்குங்கள். ஒரு மர நிழலில் அசையாமல் உட்காருங்கள். போன ஞாயிறு அந்தத் தம்பியையும் அப்படித்தான் கருவேல மரத்தடியில் உட்கார வைத்தேன். ஆள்காட்டி இறங்கியது, நாலடி ஓடியது, நின்றது, வேறு பக்கம் போவதுபோல் போய்த் திரும்பி வந்து, இறகை விரித்து மெல்ல அமர்ந்தது. அடைகாக்கும் பறவை, உறுதி. முட்டை எத்தனை என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

கூட்டின் இடத்தை வாட்ஸ்அப்பில் போடுவது

வேண்டவே வேண்டாம்.

தூக்கணாங்குருவிக் கூடு தொங்கினால் போதும் என்பது

ஆண் பாதி வரை கட்டிவிட்டுப் பெட்டைக்காகக் காத்திருக்கும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே நின்றுபோகும். பழைய கூட்டுக்குள் சில்லை என்ற சிறு குருவிகள் குடியேறுவதும் உண்டு. உள்ளே போய்வருவது யார் என்று பாருங்கள்.

இரை தேடுமிடத்தைக் கூடு என்று எண்ணுவது

வேடந்தாங்கலில் கூடு கட்டும் நாரைகள் இரைக்காகச் சுற்றுவட்டார ஏரி, வயல்களுக்குப் பறந்து போகும். உங்கள் வயலில் நாரை நிற்பதால் உங்கள் ஊரில் கூடு இருப்பதாக ஆகாது. பருந்தும் காகமும் தன் வயிற்றுக்காகவும் இரையைத் தூக்கிக்கொண்டு போகும், அதை வைத்து மட்டும் குஞ்சு இருப்பதாக எழுதிவிடாதீர்கள்.

குயிலை மறப்பது

காகம் ஊட்டும் குஞ்சு குயிலுடையதாக இருந்தால், அங்கே குயிலின் இனப்பெருக்கமும் உறுதி. அதையும் எழுதுங்கள்.

வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்பது

அங்கேயே எழுதுங்கள்.

மைனா, காகத்தையெல்லாம் எழுதுவானேன் என்பது

மின்கம்பத்து ஓட்டைக்குள் புழுவோடு நுழையும் மைனாவை யாருமே எழுதுவதில்லை. தெருவில் நடக்கும்போதே இந்தப் பதிவு கிடைத்துவிடும். சிட்டுக்குருவி நம் ஓட்டு வீடுகளில் கூடு கட்டியபோது யாரும் எழுதி வைக்கவில்லை. எந்தத் தெருவில், எந்த வருடம் வரை இருந்தது என்று இப்போது கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கிறது.