யூபிஎஸ் பற்றரிக்கு உயிர் கொடுக்கப் போகிறீர்களா?

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் வாங்கிய யூபிஎஸ்ஸா உங்களுடையது? பற்றரி இன்னும் மாற்றவில்லை என்றால் அதற்கு வயதாகிவிட்டது. உள்ளே இருக்கும் 12 வோல்ற், 7 அம்பியர்-மணி மூடிய ஈய அமிலப் பற்றரி, 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 3 முதல் 5 வருடம் உழைக்கும். வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலைத் தகரக் கூரையின் கீழ், சுவரோடு ஒட்டி வைத்த பெட்டி எப்படிக் கொதிக்கும் என்று தொட்டுப் பாருங்கள்.

பலரும் செய்யும் முதல் பிழை, சும்மா கிடக்கும் பற்றரியில் மல்ரிமீற்றரை வைத்து, "12.6 காட்டுது, நல்லாத்தான் இருக்கு" என்பது. வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள் சிக்னலுக்குப் போடும் 12 வோல்ற், 21 வாற் பல்ப் போதும். நல்ல பற்றரி அதை மணிக்கணக்கில் எரிக்கும். பல்ப் எரியும்போதே அளந்து, நாலைந்து நிமிடத்திலேயே 10.5 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் கதை முடிந்தது.

அப்புறம் தண்ணீர் விடும் வைத்தியம். சிலர் மூடியைக் கிளப்பி, தண்ணீருக்குப் பதில் அமிலம் ஊற்றுகிறார்கள். வற்றியது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. மேலும் ஊற்றினால் தகடுதான் அரிக்கும். கிணற்றுத் தண்ணீரும் ஆகாது, அதிலுள்ள உப்பு கெடுத்துவிடும். காய்ச்சி வடித்த நீர் சில மில்லிலீற்றர் விட்டால் சிலது எழும்பும். நானும் ஒன்றை எழுப்பினேன். இரண்டு மாதத்தில் படுத்துவிட்டது. தகட்டில் ஈய சல்பேற்று கெட்டியாகப் படிந்திருந்தால் தண்ணீர் ஒன்றும் செய்யாது. வீங்கியதைத் தொடவே வேண்டாம்.

இரண்டு பற்றரி தொடராக இருக்கும் யூபிஎஸ்ஸில் ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். பழையது முதலில் விழுந்து புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

கார் பற்றரியை வெளியே கொழுவுகிறவர்களும் உண்டு. சில நிமிடம் ஓடச் செய்த சின்ன யூபிஎஸ் மணிக்கணக்கில் ஓடினால் சூடேறிக் கருகும். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வேறு வரும், படுக்கையறையில் வைக்கிற சாமானா அது?

புதியதை வாங்கும்போது கடையிலேயே அளந்து பாருங்கள். 12.5 வோல்ற்றுக்குக் கீழே என்றால் நெடுநாள் கிடந்தது, வேறொன்று கேளுங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் பழைய இரும்பு எடுப்பவரிடம் கொடுங்கள், ஈயத்துக்குக் காசு தருவார்.